வைரவருக்கு ஒரு கனவு வேணும்

உந்தப் பைக்குள்ள வடைதானே, தங்கச்சி? ஒளிக்காதேங்கோ. எனக்குக் கண் கொஞ்சம் மங்கலே தவிர மூக்கு பழுதில்லை. உளுந்து வடை, மிளகு தாராளமாப் போட்டிருக்கிறியள், நூலில கோத்துமிருக்கிறியள். கோத்த வடையோட பரந்தன் சந்தியில இந்த பஸ்ஸில ஏறுற ஆள் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும். கூழாவெளி வைரவரிட்ட. சரியோ? பாத்தியளே. கொஞ்சம் அரக்கி இருங்கோ, என்ர முழங்கால் மடங்காது.

நானும் கூழாவெளிதான். பேர் பரிமளகாந்தி. பரிமளக்கா எண்டு கேட்டா ஊரில எவரும் சொல்லுவினம். நீங்கள் கும்பிடப் போற வைரவர் குந்தியிருக்கிறது என்ர காணியில. என்ர ஐயா எனக்குச் சீதனமாத் தந்த ஒரு ஏக்கர், மூலையில கிணறு, கிணத்தடியில ஒரு வேம்பு. ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. வைரவர் எண்டு எல்லாரும் விழுந்து கும்பிடுறது என்ர உடுப்புத் தோய்க்கிற கல்லு.

சிரிக்கிறியளோ முறைக்கிறியளோ தெரியேல்லை. எதெண்டாலும் செய்யுங்கோ. இருபத்தைஞ்சு வருஷம் நான் சவர்க்காரம் போட்டு அடிச்சுத் தோய்ச்ச கல்லு அது. முழுக்கதையும் சொல்லுறன், ஏனெண்டா எனக்கு உங்களிட்ட ஒரு அலுவல் இருக்கு. அலுவல் என்னெண்டு கடைசியிலதான் சொல்லுவன். ஆனாக் கெதியாச் சொல்லவேணும். முந்தி இந்த றோட்டு குண்டும் குழியும், ரெண்டு மணித்தியாலம் ஓடும், ஆறுதலாக் கதைக்கலாம். இப்ப நாட்டைக் கட்டியெழுப்பிப் போட்டினம். காப்பெற் றோட்டு. முக்கால் மணித்தியாலத்தில ஊர் வந்திடும், ஒரு மனுசி ஒரு கதை சொல்லி முடிக்க நேரமில்லை.

சண்டை முடிஞ்சு, முகாமில ஒண்டரை வருஷம் தறப்பாளுக்குக் கீழ கிடந்து, பேந்து ஊருக்குப் போகலாம் எண்டு பஸ்ஸில ஏத்திக்கொண்டு வந்து விட்டாங்கள். வந்து பாத்தா என்ர காணியில ஆமி. சுத்திவர முள்ளுக்கம்பி, வாசலில சென்றி, வீடு இருந்த இடத்தில அவங்கட குசினி. வீடு முன்னமே செல் விழுந்து போச்சுது, அதுக்கு நான் ஆரையும் குறை சொல்லேல்லை. ஆனா மண் என்ர மண்தானே. என்ர தென்னைமரத்தில என்ர தேங்காயை அவங்கள் பிடுங்கி, என்ர கண்ணுக்கு முன்னால துருவுறாங்கள். நான் கம்பிக்கு வெளியில, மச்சாளின்ர வளவில ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு அந்தத் தேங்காய்ப்பூவின்ர வாசத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.

போகாத இடமில்லை. கிராம சேவகர் ஜீ.எஸ்ஸிட்டப் போனன், அரசாங்கக் கச்சேரிக்குப் போனன், கூட்டம் வைக்கிற எல்லா நிறுவனத்துக்கும் போய் அவை தந்த பிஸ்கட்டைத் திண்டு, அவை நீட்டின கடதாசியில கையெழுத்தும் வைச்சன். எல்லாரும் சொன்னது ஒரே சொல்லு, லிஸ்டில வரும். எனக்கு வேண்டியது பெரிசா ஒண்டுமில்லை, தங்கச்சி. அந்த ஒரு ஏக்கரில, அதே கிணத்தடியில, ஒரு சின்ன வீடு. வேற எங்கயும் கட்டித் தாறம் எண்டு கேட்டவைதான். நான் ஒத்துக்கொள்ளேல்லை. விசர் மனுசி எண்டு நினைச்சிருப்பினம்.

ஒரு நாள் கம்பியோரத்தில நிண்டு உள்ளுக்குப் பாத்தன். என்ர தோய்க்கிற கல்லை நிமித்தி வேம்புக்குக் கீழ நட்டு வைச்சிருக்கிறாங்கள். ஏனெண்டா, வேம்புக்கு அங்கால வொலிபோல் விளையாடுறாங்கள், கோட்டுக்கு ஒரு அடையாளம் வேணுமாம். கல்லுக்குப் பக்கத்தில அவங்கட நாய் ஒண்டு சுருண்டு படுத்திருக்குது. கல்லின்ர இடப்பக்கத்தில ஒரு பள்ளம் இருக்கு, விரல் நீளம். அது என்ர மகன் யசிந்தன் செய்த வேலை. ஆட்டுக்குக் குழை வெட்டப் போக முதல் கத்தியை அதிலதான் தீட்டுவான். ஆயிரம் தரம் பேசியிருப்பன், எடேய், உந்தப் பள்ளத்தில கொழுவி என்ர சீலை கிழியுதடா எண்டு. ரெண்டு சீலை கிழிஞ்சது. ஒண்டு நல்ல வொயில் சீலை.

சண்டையின்ர கடைசி நாளையில, சனத்தோட சனமா நிக்கேக்க, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவன். கையில மஞ்சள் தண்ணிக் கான் ஒண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பள்ளத்தைக் கண்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நல்லா அழுதிட்டன். சென்றியில நிண்டவன் ஓடிப்போய் மேஜரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டான். மேஜருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். ஏன் அம்மா அழுறது எண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? மகன் எண்டு சொன்னா எத்தினை வயசு எண்டு கேப்பினம், எங்க எண்டு கேப்பினம். எங்க எண்டு நான் அவையைக் கேக்க வேண்டியது, அவை என்னைக் கேப்பினம். அழுத கண்ணைத் துடைச்சுக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, கல்லைக் காட்டி, வைரவர் எண்டு சொன்னன். வாயில வந்தது அதுதான். பக்கத்தில நாய் வேற படுத்திருந்தது, வைரவருக்கு நாய்தானே வாகனம்.

மேஜர் திரும்பிப் பாத்தார், கல்லை. பிறகு நாயை. அந்த நேரம் பாத்து அந்த நாய் எழும்பி நிண்டு ஊளையிட்டுது பாருங்கோ. அதுக்கு நான் ஒண்டும் குடுக்கேல்லை, சத்தியமா.

அவங்கட சிங்களப் பக்கத்திலயும் வைரவருக்குப் பயம், தங்கச்சி. பஹிரவ எண்டு சொல்லுவாங்கள், மண்ணைக் காக்கிற ஆளாம், கோவம் வந்தா விடமாட்டாராம். வொலிபோல் அண்டைக்கே நிண்டுபோச்சுது. வெள்ளிக்கிழமையில வந்து விளக்கு வைக்கலாம், ஒரு ஆள் மட்டும், கால் மணித்தியாலம் எண்டு மேஜர் சொல்லிவிட்டார். மூண்டு வருஷம் கச்சேரியால ஏலாமப் போனதை ஒரு நாயும் ஒரு கல்லும் செய்து தந்தது. நான் என்ர காணிக்குள்ள காலை வைச்சன், என்ர மண்ணை மிதிச்சன், எனக்கு அண்டைக்கு ராசாத்தி மாதிரி இருந்தது. விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு, பள்ளத்தில ஒருக்காக் கையை வைச்சுப் பாத்திட்டு வந்தன். கும்பிடேல்லை. தோய்க்கிற கல்லை ஆராவது கும்பிடுவினமோ?

பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கினது. அடுத்த கிழமை சொன்னன், வைரவருக்கு இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் அபிஷேகம், வேற தண்ணி ஆகாது எண்டு. கம்பியைக் கிணத்துக்கு அங்கால தள்ளி நட்டாங்கள். ரெண்டு மாசம் பொறுத்துச் சொன்னன், வைரவர் நாயோட உலாவுற சாமி, சுத்திவர வீதி வேணும், இடம் காணாது எண்டு. கம்பி இன்னும் பத்து அடி பின்னுக்குப் போச்சுது. எங்கட ஆக்கள் வருஷா வருஷம் வேலி அடைக்கேக்க கதியால் தடியை அடுத்தவன்ர காணிக்குள்ள அரை முழம் தள்ளி நடுறேல்லையே, அந்த வித்தை எனக்கு என்ர ஐயாவிட்டயிருந்து வந்தது. ஆமிக்காரனுக்கு அது தெரியாது, பாவம். துவக்குப் பிடிக்கத் தெரியும், வேலி அடைக்கத் தெரியாது.

அவங்கட குசினியில சுமணதாச எண்டு ஒரு சமையல்காரப் பெடியன். அவன்ர மனுசிக்குப் பிள்ளை தங்காதாம், மூண்டு தரம் அழிஞ்சு போச்சுதாம். ஒரு வெள்ளிக்கிழமை என்னட்ட வந்து கையால சைகை காட்டிக் கேட்டான், வைரவருக்கு என்ன வைக்கவேணும் எண்டு. நான் சும்மா பகிடிக்கு, வடைமாலை எண்டன். அவன் காம்ப் பருப்பைக் களவெடுத்து ஊறவைச்சு, தனக்குத் தெரிஞ்ச மாதிரி ஏதோ ஒண்டைச் சுட்டு, வயர்த்துண்டில கோத்துக்கொண்டு வந்து போட்டான். கரிஞ்ச வடை. முள்ளுக்கம்பிக்கு நடுற இரும்பில தங்கட வேர்க்‌ஷொப்பில குடுத்து ஒரு சூலமும் ஒட்டிக்கொண்டு வந்து நட்டான். அடுத்த வருஷம் அவனுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்தது. போட்டோ கொண்டு வந்து காட்டினான். காட்டிப்போட்டு அழுதான், நானும் அழுதன், ஏன் அழுதன் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கூழாவெளி வைரவருக்கு முதல் வடைமாலை போட்டது அவன்தான். இப்ப கோயிலை நடத்துற சபைக்காரர் அடிச்ச புத்தகத்தில உது இருக்காது.

அந்தப் பிள்ளை பிறந்த கதை பரவினதுதான் தாமதம், சனம் வரத் தொடங்கிட்டுது. முதல் மூண்டு பேர், பிறகு முப்பது, பிறகு பஸ் பிடிச்சு வருகினம். காம்ப் வாசலில வெள்ளிக்கிழமை எண்டா பொங்கல் பானையோட வரிசை. மேஜர் தலையில கையை வைச்சார். இந்த நேரத்திலதான் குலவீரசிங்கம் மாஸ்ரர் வந்து சேந்தார். பென்சன் எடுத்த மனுசன், நல்ல கையெழுத்து, அவருக்கு நாலு மாமரம் நிக்கிற ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்குது. பரிமளம், தனி மனுசி கேட்டாத் தரமாட்டாங்கள், கோயில் எண்டு எழுதுவம், ஊரே கையெழுத்து வைக்கும், காணி தன்ர பாட்டில வரும் எண்டார். மாஸ்ரரின்ர வேட்டியும் ஒரு காலத்தில அதே கல்லிலதான் தோய்ஞ்சது. அவருக்குத் தெரியாதெண்டு நான் நினைக்கேல்லை. ஆனா ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நூற்றைம்பது வருஷப் பழைமை வாய்ந்த ஆதி வைரவர் ஆலயக் காணியை விடுவித்துத் தரவும் எண்டு அவர் எழுத, முதல் கையெழுத்து நான் வைச்சன். ஒருக்கா இல்லை, ஏழு கடதாசியில வைச்சன். சந்தோசமா வைச்சன்.

விட்டாங்கள். எல்லா இடத்திலயும் அந்த வருஷம் காம்புகளைக் குறைச்சவங்கள்தான், அது வேற கதை. கூழாவெளியை விடுவிச்சது நான். அதுக்கு ஒரு விழா வைச்சாங்கள். பந்தல், பாண்ட் வாத்தியம், கொழும்பிலயிருந்து ஒரு பெரியவர். இனி நீங்கள் எல்லாரும் சுதந்திரமான மக்கள், ஒண்டாச் சேந்து நாட்டைக் கட்டியெழுப்புவம் எண்டு பேசினார். பேசிப்போட்டு எனக்கு ஒரு திறப்புத் தந்தார், மரத்தில செய்த பெரிய சாவி. காணிக்குக் கதவுமில்லை, படலையுமில்லை. திறப்பு மட்டும் இருக்கு. இப்பவும் கொட்டிலில தொங்குது, பூச்சி அரிக்குது.

திறப்பை எனக்குத் தந்து காணி விட்ட கடதாசியை மாஸ்ரரிட்டக் குடுத்தவர். அதை நான் கவனிக்கேல்லை, போட்டோவுக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். ரெண்டு கிழமையால வீட்டுத்திட்டத்துக்குப் பதியப் போனன். அங்கயிருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பாத்திட்டு, அம்மா, இது கோயில் காணி, கோயில் காணியில வீடு தரேலாது எண்டாள். காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டுங்கோ எண்டாள். உறுதி எங்க, அது வழியில எந்தப் பங்கருக்குள்ள போச்சுதோ. எழுத்தில இருக்கிறது ஏழு கடதாசி. ஏழிலயும் கோயில் காணி எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்ச ஆள் ஆர்? நான்.

மாஸ்ரரிட்ட ஓடினன். அவர் பரிபாலன சபைத் தலைவர் ஆகியிட்டார். நல்ல பட்டு வேட்டி. பரிமளம், உனக்கில்லாத கோயிலோ, முதல் காளாஞ்சி உனக்குத்தான் எண்டார். தேங்காய்ப்பாதியையும் வெத்திலையையும் தட்டில வைச்சுத் தாறதை நான் என்ன, கூரையிலயோ போடுறது? வந்த கோவத்தில, திருவிழாக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொல்லிப்போட்டன்.

“உது வைரவர் இல்லை. நான் உடுப்புத் தோய்க்கிற கல்லு. உந்தப் பள்ளம் என்ர மகன் கத்தி தீட்டின பள்ளம்.”

மாஸ்ரர் கண்ணை மூடி, கையைக் கூப்பினார். கல்லோடு கல்லாய் இத்தனை காலம் மறைஞ்சிருந்து, இந்த அம்மாவின்ர அடியெல்லாம் வாங்கியிருக்கிறான் எம்பெருமான் எண்டார். அவ்வளவுதான், சனம் அரோகரா எண்டு சத்தம் போட்டுது. ஒரு மனுசி என்ர காலில விழுந்தாள். உண்மையைச் சொல்லி நான் என்னத்தைக் கண்டன்? அடுத்த மாசமே புத்தகம் அடிச்சினம், தல வரலாறு. அதில, முன்னொரு காலத்தில ஓர் ஆட்டிடையன் அறியாமல் அக்கல்லில் கத்தி தீட்ட, குருதி பெருகியதாம். என்ர யசிந்தன் ஆட்டிடையனாம். ஓ.எல் சோதினை பாஸ் பண்ணின பெடியன். பேர் கூடப் போடேல்லை, தங்கச்சி. அவன்ர பேரை ஒரு இடத்திலயாவது அச்சில போட்டிருக்கலாம்.

இப்ப விளங்குதோ, எனக்கு ஏன் அந்தக் காணியே வேணுமெண்டு? அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்டுதான். றோட்டு மாறிப்போச்சு, சந்தி மாறிப்போச்சு, ஆனா கிணத்தையும் வேம்பையும் அவன் கண்டுபிடிப்பான். வந்து நிக்கேக்க அங்க ஐயர் மணி அடிச்சுக்கொண்டு நிண்டா, இது எங்கட வீடில்லை எண்டு திரும்பிப் போயிடுவான். அம்மா மச்சாளின்ர கொட்டிலில இருக்கிறா எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? ஆமியைக் கிளப்ப எனக்கு வைரவர் வந்தார். வைரவரைக் கிளப்ப நான் ஆரிட்டப் போக?

யோசிச்சு யோசிச்சு, வைரவரைக் கிளப்ப வைரவராலதான் ஏலும் எண்டு முடிவெடுத்தன். இஞ்சதான் உங்கட அலுவல் வருது. பயப்படாதேங்கோ, சின்ன அலுவல். நீங்கள் ஒரு கனவு காணவேணும்.

நான் கண்டாச் சரிவராது, காணிக்காரி, ஒருத்தரும் நம்பமாட்டினம். வெளியூர் ஆள் ஒருத்தர் வந்து, கண்ணில நீரோட மாஸ்ரரிட்டச் சொல்லவேணும். நேற்று வைரவர் கனவில வந்தார். எனக்கு இந்த இடம் வெக்கை, நாலு மாமரம் நிக்கிற ரெண்டு ஏக்கர் ஒண்டு பக்கத்தில இருக்கு, அங்க என்னைக் கொண்டுபோய் வை எண்டு சொன்னார் எண்டு. மாஸ்ரரின்ர முகத்தை நான் பாக்கவேணும், அதுக்காகவே இவ்வளவு நாளும் உயிரோட இருக்கிறன். போன மாசம் மாங்குளத்து மனுசி ஒண்டைச் சம்மதிக்க வைச்சனான், அது போய் மாமரத்தை மறந்து புளியமரம் எண்டு சொல்லிப்போட்டுது. புளியமரம் நிக்கிறது என்ர மச்சாளின்ர வளவில. இப்ப என்ர கொட்டிலுக்கும் ஆபத்து. மாமரம், தங்கச்சி, நாலு மாமரம்.

இன்னுமொண்டு, இதைக் கட்டாயம் சொல்லவேணும். வைரவர் சூலத்தை மட்டும் கொண்டு வரச் சொன்னவர், கல்லைத் தொடவேண்டாமாம், அது அங்கயே, கிணத்தடியிலயே கிடக்கட்டாம். அதில ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது. அவை கல்லையும் தூக்கிக்கொண்டு போனா எனக்குக் காணி வந்தென்ன.

என்ன, பையைத் திறக்கிறியள்? வடையைத் தாறியளோ, வேண்டாம், சாமிக்குக் கொண்டு வந்தது... ஓ. போட்டோ.

வடைக்கு மேல வைச்சு நெடுகவும் மடியில வைச்சிருந்தனீங்கள், நான் லூசு மாதிரிக் கதைச்சுக்கொண்டு வந்திட்டன். தாங்கோ, பாப்பம். சிரிப்பு வடிவாயிருக்கு. எத்தினை வயசு அப்ப? என்ர ஆளுக்கும் அதேதான். ஒரே வகுப்பில இருந்திருப்பாங்கள்.

இவனுக்காண்டியோ மாலை? இங்க பாருங்கோ, தங்கச்சி, நான் சொன்னதெல்லாம் என்ர காணிக் கதை. அதை அதோட விடுங்கோ. நீங்கள் போட வந்த மாலையைப் போடுங்கோ. கனவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், நான் வேற ஆளைப் பிடிக்கிறன், இந்த பஸ்ஸில ஆக்களுக்கோ பஞ்சம். இப்ப எனக்கு உங்களைப் பொய் சொல்ல வைக்க மனமில்லை.

கொண்டக்டர் கத்துறான், கூழாவெளி வருது. பொறுங்கோ, அவசரப்படாதேங்கோ, நிண்டாப் பிறகு எழும்புங்கோ. போய் நேர கும்பிட்டுப் போட்டு வராமல், இடப்பக்கம் குனிஞ்சு பாருங்கோ. சந்தனம் அப்பி வைச்சிருப்பினம், அதைக் கொஞ்சம் வழிச்சுப் போட்டு, பள்ளத்தில கையை வையுங்கோ. குளிராயிருக்கும். நான் ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறனான். கும்பிடுறேல்லை, முன்னமே சொன்னனான் எல்லே, தோய்க்கிற கல்லை ஆர் கும்பிடுறது. கையை வைச்சு அவன்ர பேரை ஒருக்காச் சொல்லுவன், அவ்வளவுதான்.

உங்கட மோனுக்கு என்ன பேர்? சொல்லிப்போட்டு இறங்குங்கோ. இனி ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுறன்.